சொந்த வீடு எத்தனை சதவீதம்? சேலத்தை வைத்து ஒரு கணக்கு

பெண் கொடுக்கிற வீட்டைப் பற்றி விசாரிக்கும்போது மாப்பிள்ளையின் வேலை, சம்பளம் கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வி, "சொந்த வீடுங்களா, வாடகைங்களா?" அதே கேள்வியைத்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வீடு வீடாகக் கேட்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 86.6 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன, 11.1 சதவீதம் வாடகை வீட்டில். கிராமத்தை மட்டும் எடுத்தால் சொந்த வீடு 94.7. நகரத்தில் 69.2.

வருமானம் குறைந்த கிராமத்தில் சொந்த வீடு அதிகம், சம்பாத்தியம் உள்ள நகரத்தில் குறைவு. மாவட்ட வாரியான பட்டியலை எடுத்து, மேலே உள்ள மாவட்டம் வசதியானது, கீழே உள்ளது பின்தங்கியது என்று படித்தால் பெரும்பாலும் தலைகீழாகப் படித்தவர்கள் ஆவோம். பட்டியலின் அடியில் சென்னை இருக்கும், திருப்பூர் போன்ற தொழில் மாவட்டங்கள் அதை ஒட்டி நிற்கும். ஓலைக் குடிசையும் சொந்தக் குடிசையென்றால் சொந்த வீடுதான். இந்த எண்ணை எப்படித்தான் படிப்பது என்று சேலம் மாவட்டத்தை வைத்துப் பார்க்கலாம். மலை, அணை, தறி, பட்டறை, குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் கிடப்பதால் உதாரணத்துக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

மூன்று பெட்டி

கணக்கெடுப்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் வீடுகளைப் பட்டியலிடுவார்கள், பிறகு ஆட்களை எண்ணுவார்கள். வீட்டின் உரிமை பற்றிய கேள்வி முதல் கட்டத்தில் வரும். 2010-இல் நடந்த வீடு பட்டியலிடலில் மொத்தம் 35 கேள்விகள், அதில் இது ஒன்று. பதிலுக்கு மூன்றே பெட்டி: சொந்தம், வாடகை, பிற.

கேட்பது வீட்டைப் பற்றி. அது நிற்கும் நிலத்துக்குப் பட்டா யார் பேரில் என்று கேள்வி இல்லை. பத்திரம் காட்டச் சொல்வதும் இல்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதை எண்ணுபவர் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆகவே ஏரிப் புறம்போக்கில் சிமெண்ட் அட்டை போட்டுக் குடியிருப்பவரும், அழகாபுரத்தில் இரண்டு மாடி தார்சு (கான்கிரீட் கூரை) வீட்டுக்காரரும் ஒரே பெட்டியில் விழுவார்கள். வங்கிக் கடனில் தவணை கட்டிக்கொண்டிருக்கும் வீடும் சொந்தம்தான். இன்னும் பதினைந்து வருடத் தவணை பாக்கி என்பது இந்த அட்டவணையில் எங்கும் தெரியாது.

எண்ணப்படும் அலகு குடும்பம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அப்பா கட்டிய வீட்டில் கல்யாணமான மகன் தனிச் சமையல் வைத்துவிட்டால் அது இரண்டு குடும்பம், பெரும்பாலும் இரண்டுமே சொந்த வீட்டுக் குடும்பமாகப் பதியும். உலை இரண்டானதும் கணக்கில் சொந்த வீட்டுக்காரர் ஒருவர் கூடிவிடுகிறார், ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்காமலே. எடப்பாடி, தாரமங்கலம் பக்கம் ஒரே வாசலுக்குள் மூன்று பங்காளிகள் இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

பெருக்கி வகுக்கும்போது அடியில் நிற்பதும் ஆள் குடியிருக்கும் வீடுகளில் உள்ள குடும்பங்கள் மட்டுமே. பூட்டிக் கிடக்கும் வீடு மேலேயும் வராது, கீழேயும் வராது. 2011-இல் நாடு முழுக்க 33 கோடிக்குச் சற்றே கூடுதலான கட்டடங்கள் பட்டியலானதில் ஏறக்குறைய 2.47 கோடி காலியாகக் கிடந்தன. அவற்றின் உரிமையாளர்கள் வேறு எங்கோ எண்ணப்பட்டார்கள்.

ஏற்காட்டில் முதலில் மூன்றாவது பெட்டியைப் பாருங்கள்

இந்தப் பூட்டிய வீட்டு விவகாரம் நம் மாவட்டத்திலேயே அதிகம் உறுத்துவது சேர்வராயன் மலையில்தான். ஏற்காடு ஏரியைச் சுற்றியும் நாகலூர் சாலையிலும் நிற்கும் பங்களாக்கள், வில்லாக்கள் பலவற்றுக்கு உரிமையாளர் சேலத்திலோ பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பார். மே மாதம் பத்து நாள் வந்து போவார். மலையில் அது சொந்த வீட்டுக் கணக்கில் சேராது. அதே ஆள் பெங்களூரில் வாடகைக்கு இருந்தால் அங்கே வாடகைக்காரராகப் பதிவாவார். இரண்டு கோடி ரூபாய் சொத்து இருந்தும் சதவீதத்தில் எங்கும் அவர் சொந்த வீட்டுக்காரர் ஆக மாட்டார்.

அடுத்து எஸ்டேட் லைன் வீடுகள், அதாவது தோட்டத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து தோட்டமும் லைனும் சேர்ந்தே வளர்ந்தவை. தோட்டத்தில் தங்கி வேலை பார்க்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் முதலாளியே வீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 15-ஆவது பிரிவில் கடமையாக்கியது. வாடகை கிடையாது, உரிமையும் கிடையாது. வேலை இருக்கும் வரை வீடு இருக்கும். நாற்பது வருடம் மிளகும் காபியும் பறித்தவர் ஓய்வு பெற்றதும் லைனைக் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பேர் பதிந்திருந்தால் மட்டும் அந்த வீடு தொடரும். இந்தக் குடும்பங்கள் போக வேண்டிய இடம் 'பிற' என்ற பெட்டி.

மூன்றாவதாக, மலையாளி என்ற பழங்குடியினரின் ஊர்கள். இங்கே வாடகை என்ற பேச்சே அரிது. பாட்டன் காலத்து நிலத்தில் மண் சுவரோ செங்கல் சுவரோ எழுப்பி, மேலே ஓடு அல்லது அட்டை போட்டுக்கொண்ட வீடுகள். ஏறக்குறைய எல்லாமே 'சொந்தம்'. ஆனால் அந்த நிலம் பழைய பட்டாவா, நிபந்தனைப் பட்டாவா (அரசு நிபந்தனை விதித்துக் கொடுத்தது), வன உரிமைச் சட்டம் 2006-இன் கீழ் கிடைத்த உரிமையா, ஒன்றுமே இல்லையா என்பது வீட்டுக்கு வீடு மாறும். இந்த நான்குக்கும் இடையே உள்ள தூரம் வங்கிக்குப் போகும்போதுதான் தெரியும். நிபந்தனைப் பட்டாவை அடமானமாக வைக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

நான்காவதாக, உண்டுறை பள்ளிகளும் விடுதிகளும். மாண்ட்போர்ட் பள்ளி 1917-இலிருந்து இங்கே இருக்கிறது. மாணவர் விடுதி போன்றவை 'நிறுவனக் குடும்பம்' என்று தனியே வைக்கப்படும், வீட்டு உரிமை அட்டவணையில் அவை வருவதில்லை.

ஆக, ஏற்காட்டின் சொந்த வீட்டுச் சதவீதம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களைவிடக் குறைவாகத் தெரிந்தால், "மலையில் வாடகைக்காரர் அதிகம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குறைகிற பங்கு பெரும்பாலும் லைன் வீடுகளுக்குப் போனது. வால்பாறை, கூடலூர், கோத்தகிரி எந்தத் தோட்டப் பகுதியை எடுத்தாலும் இதே பார்வைதான். சொந்தம், வாடகை இரண்டையும் கூட்டி நூறிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை முதலில் பாருங்கள். நாடு முழுக்க இந்த மிச்சம் 2.3 சதவீதம் அளவுதான். ஒரு கிராமத்தில் அது இருபது, முப்பது என்று நின்றால் அங்கே ஒரு எஸ்டேட்டோ ஆலையோ அணையோ இருக்கிறது என்று அர்த்தம்.

மேட்டூரில் அணையும் அனல்மின் நிலையமும், மோகன் நகரில் உருக்காலை டவுன்ஷிப்பும், சூரமங்கலத்தில் ரயில்வே காலனியும் இதே வகை. ஒரு சிக்கல் மட்டும் உண்டு. குவார்ட்டர்ஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் சிலர் 'வாடகை' என்பார்கள், சிலர் 'கம்பெனி வீடு' என்பார்கள், எண்ணுபவரும் அதற்கேற்பக் குறிப்பார். தேசிய மாதிரி ஆய்வு இந்தக் குழப்பத்தை வேறு விதமாகத் தீர்க்கிறது: வேலை கொடுத்தவர் தந்த குவார்ட்டர்ஸுக்கு வாடகை இனத்துக்குள்ளேயே தனிக் குறியீடு. அதனால் மேட்டூர் போன்ற ஊர்களுக்கு இரண்டு ஆய்வு எண்களையும் பக்கத்தில் வைத்து 'வாடகை கூடிவிட்டது' என்று எழுதுவது தப்பு.

தறி வீடும் போக்கியமும்

நகரத்துக்குள் வந்தால் அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டி தறிக்குப் பேர்போன இடங்கள், செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி வெள்ளிக் கொலுசுக்கு. இங்கே வீடும் தொழிலும் ஒரே கூரைக்குள் இருக்கும். முன்கட்டில் குழித்தறியோ விசைத்தறியோ, பின்கட்டில் அடுப்படி. கணக்கெடுப்பில் இதற்கு 'குடியிருப்பும் பிற பயன்பாடும்' என்று தனி வகை உண்டு, உரிமைக் கேள்வி இவர்களுக்கும் உண்டு. அதாவது வெறும் பட்டறைக் கட்டடம் கணக்கில் வராது, பட்டறைக்குப் பின்னால் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டால் வரும்.

தறிக்காரருக்குச் சொந்த வீடா வாடகையா என்பது சம்சாரத்தோடு நிற்பதில்லை, தொழிலையும் தொடும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் வரை மின்சாரம் இலவசம், ஆனால் அது தறிக்கென்று தனியாக எடுத்த இணைப்புக்கு. வாடகை வீட்டில் தறி போட்டால் அந்த இணைப்புக்கு வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டும். இணைப்பும் அவர் பேரிலேயே இருந்தால், காலி செய்கிற அன்று தறியைக் கழற்றி எடுத்துப் போகலாம், இணைப்பை எடுத்துப் போக முடியாது. புது இடத்தில் இணைப்பு வரும்வரை தறி சும்மா நிற்கும். வாடகை ஐநூறு ரூபாய் ஏற்றினாலும் பலர் இடம் மாறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

(இதனால் ஒரு பக்கக் குறிப்பு: மின் இணைப்பு எண்ணிக்கையை வைத்து வீடுகளைக் கணிக்கிறவர்கள் தறி ஊர்களில் ஏமாறுவார்கள். நூறு யூனிட் இலவசத்துக்காக ஒரே வீட்டை மேல்கட்டு, கீழ்கட்டு என்று பிரித்து இரண்டு இணைப்பு வாங்குவதும் சேர்ந்துகொள்ளும். குடும்ப அட்டையும் அப்படியே. அட்டை பிரிந்தாலும் அடுப்பு பிரிந்திருக்காது.)

தறிமுதலாளி கொடுத்த அறையில், வாங்கிய முன்பணம் கழியும் வரை தங்கி ஓட்டும் கூலிக் குடும்பங்களும் உண்டு. வாடகை இல்லை என்பதால் இதுவும் எஸ்டேட் லைனைப் போல மூன்றாவது பெட்டிக்குரியது. நகர வார்டு ஒன்றில் 'பிற' கொஞ்சம் தூக்கலாக இருந்து, பக்கத்தில் அரசு குவார்ட்டர்ஸ் எதுவும் இல்லையென்றால் இதையும் யோசிக்க வேண்டும்.

சேலத்தில் அதிகக் குழப்பம் தருவது போக்கியம். சில ஊர்களில் ஒத்தி என்பார்கள். மாத வாடகைக்குப் பதில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறுவது. இரண்டு அல்லது மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும்போது அதே தொகை திரும்ப வரும். கணக்கு எளிது. நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டி என்று வைத்தால் 5 லட்சம் போக்கியம் மாதம் 5,000 ரூபாய் வாடகைக்குச் சமம். வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டியை மட்டும் வைத்துப் பார்த்தால் அதில் பாதிதான் இழப்பு. அதனால்தான் கையில் பணம் உள்ள குடித்தனக்காரருக்கு இது லாபமாகப் படுகிறது.

போக்கியக்காரரிடம் கணக்கெடுக்க வந்தவர் கேட்டால் பதில், "வாடகை இல்லைங்க". உடனே சொந்தம் என்று குறிக்கிறவரும் இருப்பார், பிற என்று குறிக்கிறவரும் இருப்பார். என் பார்வையில் இது வாடகைதான்; வட்டியாக வர வேண்டியது வாடகையாகக் கழிகிறது, பணமாகக் கைமாறவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

சட்டப்படி போக்கியம் என்பது ஒரு அடமானம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(டி) பிரிவு அனுபவ அடமானம் என்று சொல்வது இதைத்தான். 59-ஆவது பிரிவின்படி தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தாலே, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் ஒரு ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்கி முடித்துவிடுகிறார்கள். பிரச்சினை எங்கே வருமென்றால், அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும், தவணை நின்று வங்கி வீட்டைக் கையில் எடுக்க வரும். அப்போது பதியாத பத்திரக்காரருக்கு வீட்டின் மேல் பிடி இல்லை. பணத்துக்காகத் தனியே வழக்குப் போட்டு வீட்டுக்காரரைத் துரத்த வேண்டியதுதான். பணம் கொடுக்கும் முன் முப்பது வருட வில்லங்கச் சான்று எடுப்பதோடு நிறுத்தாமல், மூலப் பத்திரத்தை அசலாகக் காட்டச் சொல்லுங்கள். அசல் கையில் இல்லை என்றால் அது வேறு யார் கையிலோ இருக்கிறது.

மாவட்டத்தை மாவட்டத்தோடு ஒப்பிட

இரண்டு மாவட்டங்களுக்கு இடையிலான வித்தியாசத்தில் பெரும் பங்கு, எந்த மாவட்டத்தில் நகரம் எவ்வளவு என்பதிலேயே அடங்கிவிடும். கணக்குக்காக ஒரு எண் வைத்துப் பார்ப்போம். இரு மாவட்டத்திலும் நகரத்தில் சொந்த வீடு 60, கிராமத்தில் 95 என்று அச்சாக ஒன்றாகவே இருக்கட்டும். முதல் மாவட்டத்தில் குடும்பங்களில் பாதி நகரத்தில், மொத்தம் 77.5. இரண்டாவதில் ஐந்தில் ஒரு பங்கே நகரம், மொத்தம் 88. பத்தரைப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டது, ஆனால் நகரத்துக்காரர் நிலையிலும் கிராமத்துக்காரர் நிலையிலும் துளி வித்தியாசம் இல்லை. சேலம் ஏறக்குறையப் பாதி நகரமான மாவட்டம். பெரம்பலூர், அரியலூர் பெரும்பாலும் கிராமம். இவற்றை நேருக்கு நேர் நிறுத்தினால் கிடைப்பது நகரமயத்தின் அளவு மட்டும்தான். கிராமத்தைக் கிராமத்தோடும் நகரத்தை நகரத்தோடும் தனித்தனியே ஒப்பிட்ட பிறகும் இடைவெளி மிஞ்சினால், அதற்குக் காரணம் தேடுவதில் பயன் உண்டு.

எல்லை மாற்றமும் கழுத்தறுக்கும். 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம், இப்போது 38. கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை ஆகிய ஆறுக்கும் 2011 அட்டவணையில் வரி இல்லை, தாய் மாவட்டத்துக்குள் கலந்து கிடக்கின்றன. சேலத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. 1965-இல் தருமபுரியும் 1997-இல் நாமக்கல்லும் பிரிந்து போனபின் மாவட்ட எல்லை பெரிதாக மாறவில்லை. ஆனால் 1991 சேலம் என்றால் அதில் ராசிபுரமும் திருச்செங்கோடும் சேர்ந்தது என்பதை மறந்து வரைபடம் போடுகிறவர்கள் இன்றும் உண்டு. தாலுகா அளவில் சேலமும் சிக்கல்தான். காடையாம்பட்டி ஓமலூருக்குள் இருந்தது. பெத்தநாயக்கன்பாளையம், தலைவாசல், சேலம் மேற்கு, சேலம் தெற்கு எல்லாம் பிறகு வந்தவை. இவற்றுக்குத் தனி எண் வேண்டுமென்றால் கிராம அளவுக்கு இறங்கி, 2011 கிராமக் குறியீட்டின் ஆறு இலக்கத்தை வைத்து நாமே தாலுகாவைக் கட்ட வேண்டும்.

அந்த வேலைக்கு உதவும் கோப்பு, வீடு பட்டியல் முதன்மைச் சுருக்கம். கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் எச்.எல்.பி.சி.ஏ என்ற பெயரில் கிடைக்கும். கிராமம், வார்டு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கூரை, சுவர், அறை எண்ணிக்கை, உரிமை எல்லாம் சதவீதமாகக் கொடுத்திருப்பார்கள். சதவீதமாக என்பதில்தான் பள்ளம். பல பேர் எக்செல்லில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்துச் சராசரி போட்டுவிடுகிறார்கள்.

என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு பேரூராட்சி, 6,000 குடும்பம், சொந்த வீடு 55 சதவீதம். சுற்றிலும் பத்துக் கிராமம், ஒவ்வொன்றிலும் 400 குடும்பம், சொந்த வீடு 95 சதவீதம். பதினோரு வரியின் நேர்ச் சராசரி 91.4. உண்மையில் பேரூராட்சியில் 3,300 குடும்பமும் கிராமங்களில் 3,800 குடும்பமும் சொந்த வீட்டில். சேர்த்து 10,000-க்கு 7,100, அதாவது 71. இருபது புள்ளி பிசகு! ஒவ்வொரு வரியின் சதவீதத்தையும் அந்த வரியின் குடும்ப எண்ணிக்கையால் பெருக்கி, கூட்டி, மொத்தக் குடும்பத்தால் வகுக்க வேண்டும். பேரூராட்சிக்கு மொத்த வரியும் வார்டு வரிகளும் இரண்டுமே கோப்பில் இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் ஊர் இருமுறை எண்ணப்படும்.

அடுத்த பிசகு, இரண்டு பத்திகளைப் பெருக்குவது. சொந்த வீடு 90, கான்கிரீட் கூரை 40 என்றால் சொந்தக் கான்கிரீட் வீடு 36 என்று எழுதுகிறார்கள். அந்தக் கோப்பில் குறுக்குக் கணக்கு இல்லை. நம்மால் சொல்ல முடிந்தது அது 30-க்கும் 40-க்கும் இடையில் எங்கோ என்பது மட்டுமே. வாடகைக்கு விடத் தார்சு வீடாகக் கட்டிவிட்டு, தான் பழைய ஓட்டு வீட்டிலேயே இருப்பவர்கள் நிறைந்த ஊரென்றால் 30 பக்கமே சாயும். சேலம் மாநகராட்சி வார்டு எண்களையும் நம்ப வேண்டாம். 60 வார்டு என்பது மாறவில்லை, எல்லைகள் மறுவரையறையில் மாறிவிட்டன. 2011-இன் 23-ஆவது வார்டும் இன்றைய 23-ஆவது வார்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகளில் அந்த ஊர்க் கவுன்டி வாரியான சொந்த வீட்டு வரைபடமும் பேச்சில் அடிபடும். அங்கேயும் வகுக்கும் முறை இதேதான்: ஆள் குடியிருக்கும் வீடுகளில் உரிமையாளரே குடியிருப்பவை எத்தனை. நிலத்துக்கு வாடகை கட்டிக்கொண்டு, மேலே நிற்கும் டிரெய்லர் வீடு தன்னுடையது என்றால் அங்கும் அது சொந்தம்தான், நம் புறம்போக்கு வீட்டுக்கு அண்ணன் தம்பி முறை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் கவுன்டியில் ஐந்தில் ஒரு குடும்பம் அளவுக்கே சொந்த வீடு. ஓய்வு பெற்றவர்கள் குடியேறிய புளோரிடாவின் சம்டர் கவுன்டியில் பத்தில் ஒன்பது. ஆனால் கவுன்டி எண்கள் மாதிரி ஆய்விலிருந்து வருபவை. டெக்சாஸின் லவ்விங் கவுன்டியில் 2020-இல் இருந்ததே 64 பேர். அங்கே சதவீதத்துக்குப் பக்கத்தில் அச்சாகும் பிழை வரம்பைப் பார்க்காமல் எண்ணை எடுக்கவே கூடாது. நம் வீட்டு அட்டவணைக்கு இந்தத் தொல்லை இல்லை, இது முழு எண்ணிக்கை.

ஒரு வேடிக்கை: அமெரிக்காவில் சொந்த வீட்டு விகிதம் உச்சத்தைத் தொட்டது 2004-இல், 69.2 சதவீதம். 2011-இல் நம் நகரங்களின் எண்ணும் அதே 69.2. அங்கே கடன் தாராளமாகக் கிடைத்ததால் ஏறிய எண், கடன் கட்ட முடியாமல் 2016-இல் 62.9-க்கு இறங்கியது. இங்கே 2001-க்கும் 2011-க்கும் இடையில் நாட்டின் மொத்த விகிதம் 86.7-இலிருந்து 86.6. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஏனென்றால் இதில் பெரும்பகுதி வங்கியைப் பார்க்காமல் கட்டிய வீடு.

பேர் யாருடையது

வீடு குடும்பத்துக்குச் சொந்தம் என்று பதிவாகும், ஆனால் பத்திரம் இறந்துபோன தாத்தா பேரிலேயே கிடக்கும். வாரிசுச் சான்று வாங்கி, பங்காளிகள் பாகப்பிரிவினை எழுதிப் பதிந்து, உட்பிரிவுப் பட்டா மாறுதலுக்கு மனு போட்டு, நில அளவர் வந்து அளந்து முடிக்கும் வரை அந்த வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ ஒருவராலும் முடியாது. அத்தை, தங்கைகள் கையெழுத்தை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் பிரித்துக்கொண்ட பத்திரங்கள் பிற்பாடு வங்கி வக்கீலின் மேசையில் நின்றுபோகும். நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) நிற்கும் வீடென்றால் நத்தம் பட்டா இருக்கிறதா என்று தனியே பார்க்க வேண்டும். சொத்து வரி ரசீது பேரில் இருப்பதால் வீடு தன்னுடையது என்று நினைப்பது பரவலான நம்பிக்கை. வரி ரசீது வரி கட்டியதற்கு மட்டுமே சாட்சி.

அரசு வீட்டுத் திட்டங்களும் இங்கேதான் முட்டுகின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். குடிசைக்காரருக்கான திட்டம், ஆனால் குடிசை நிற்கும் இடம் அவருடையது என்று காட்ட வேண்டும். கணக்கெடுப்பில் 'சொந்தம்' என்று பதிந்த குடிசை, இந்த மேசையில் இடமில்லாத குடிசை ஆகிவிடும்.

கணக்கெடுக்க வரும்போது

2027 கணக்கெடுப்பின் வீடு பட்டியலிடும் கட்டம் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று அறிவிக்கப்பட்டது, அதற்குள் ஒவ்வொரு மாநிலத்துக்கும் 30 நாள். இந்த முறை 33 கேள்வி, பதிவு கைப்பேசியில், நாமே இணையத்தில் நிரப்பும் வழியும் உண்டு. நாமே நிரப்பும்போது சந்தேகம் கேட்க எதிரில் ஆள் இருக்க மாட்டார் என்பதால் உரிமைக் கேள்வியை முன்கூட்டி யோசித்து வைப்பது நல்லது. தவணை வீடு சொந்தம். வாடகையை நெல்லாகக் கொடுத்தாலும் வாடகை. வாடகை வாங்காமல் முதலாளி தந்த வீடு பிற. சேலத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு ஆத்தூரில் சொந்த வீடு பூட்டிக் கிடந்தால், இப்போது குடியிருக்கும் வீட்டுக்குத்தான் பதில், ஆகவே வாடகை. போக்கியக்காரர் 'வாடகை இல்லை' என்று நிறுத்திக்கொள்ளாமல், மொத்தமாகப் பணம் கொடுத்திருக்கிறோம் என்று முழுதாகச் சொல்லலாம்.

புறம்போக்கில் இருப்பவர்களிடம் இரண்டு விதப் பேச்சு ஓடும். சொந்தம் என்று சொல்லிவைத்தால் நாளைக்குப் பட்டா கேட்க உதவும் என்பார் ஒருவர். சொன்னால் இடித்துவிடுவார்கள் என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் இடமில்லை. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, அந்தப் பதிவேட்டை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் ஏற்க முடியாது என்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் பட்டா மனுவோடு வைக்க வேண்டியவை குடியிருப்பைக் காட்டும் பழைய மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, குடும்ப அட்டை. அதிலும் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று 'அ' பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேட்டில்) நீர்நிலையாக எழுதியிருக்கும் இடமென்றால் எத்தனை வருட ரசீது இருந்தாலும் பட்டா கிடைக்காது. மனு எழுதும் முன் சர்வே எண்ணைக் கொடுத்து அந்த ஒரு வரியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிட வேண்டும்.